நடை இலவசம், நிறுத்தம் நம் பொறுப்பு: நிரல் மரத்திலிருந்து தகவல் எடுப்பது

ஒரு பெரிய நிரல்தொகுப்பில் பழைய ஃபங்ஷன் ஒன்றை நீக்க வேண்டும். அதை யார் யார் அழைக்கிறார்கள் என்று தெரியாமல் கைவைக்க முடியாது. உடனே நாம் நாடுவது எழுத்துகளைத் தேடித் தரும் கிரெப் என்ற கருவியை. பெயரைக் கொடுத்தால் அந்தப் பெயர் வரும் வரிகளெல்லாம் வந்து விழும். சில கமென்ட்டாக இருக்கும், சில பிழைச் செய்திக்குள் இருக்கும் ஸ்ட்ரிங்காக இருக்கும், சில வேறொரு கிளாஸில் அதே பெயரில் இருக்கும் மெத்தடாக இருக்கும். இவற்றைக் கண்ணால் பார்த்துக் கழித்துவிடலாம் என்றே வைத்துக்கொள்வோம். கேள்வியைக் கொஞ்சம் மாற்றி, எந்த ஃபங்ஷனுக்குள்ளிருந்து எந்த ஃபங்ஷன் அழைக்கப்படுகிறது என்று ஒரு பட்டியல் கேட்டால் கிரெப் கையை விரித்துவிடும். 'உள்ளே' என்கிற உறவு எழுத்துகளில் தென்படாது, நிரலின் அமைப்பில்தான் இருக்கிறது.

அந்த அமைப்பைக் கண்டுபிடித்துத் தருவது பார்சர். நிரலை வாசித்து அது ஒரு தொடரியல் மரத்தைக் கட்டித் தரும். மொத்தம் = கூட்டு(விலை, வரி(விலை)) என்று ஒரே ஒரு வரி இருக்கிறது என்போம். (பைத்தான் 3 இப்படித் தமிழ்ப் பெயர்களை அப்படியே ஏற்றுக்கொள்ளும், ஓட்டிப் பார்க்கலாம்.) இதன் மரத்தின் உச்சியில் ஓர் அசைன்மென்ட் கணு (மரத்தின் ஒவ்வொரு முடிச்சும் ஒரு கணு, அதாவது நோடு). அதன் இடப்பக்கப் பிள்ளை 'மொத்தம்' என்ற பெயர். வலப்பக்கப் பிள்ளை ஓர் அழைப்புக் கணு. அந்த அழைப்புக் கணுவுக்குக் கீழே 'கூட்டு' என்ற பெயர், 'விலை' என்ற பெயர், அப்புறம் இன்னோர் அழைப்புக் கணு. அதற்குக் கீழே 'வரி', 'விலை'. ஒரு வரிக்கே இவ்வளவு கணுக்கள் என்றால் ஒரு கோப்புக்கு எத்தனை வரும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதிலிருந்து அழைப்புகளை மட்டும் பொறுக்கி எடுக்க வேண்டும். நேர்வழியில் போனால் ஒவ்வொரு கணு வகைக்கும் ஒரு கிளை எழுத வேண்டியிருக்கும். இஃப் வந்தால் நிபந்தனைக்குள் இறங்கு, உடலுக்குள் இறங்கு, எல்ஸுக்குள் இறங்கு. வைல் வந்தால் அதேபோல. ரிட்டர்ன் வந்தால் திருப்பித் தரும் மதிப்புக்குள் இறங்கு. பைத்தானில் ஸ்டேட்மென்ட்டும் எக்ஸ்பிரஷனும் சேர்ந்து மட்டுமே 50க்கு மேற்பட்ட வகைகள். நமக்கு அக்கறை அவற்றில் ஒன்றின் மீதுதான். மீதி எல்லாவற்றுக்கும் எழுதுவது 'உள்ளே இறங்கு' என்ற அதே சங்கதியைத்தான். எங்கோ ஓரிடத்தில் எல்ஸை மறந்துவிட்டால் அந்தக் கிளைக்குள் இருக்கும் அழைப்புகள் பட்டியலில் வராது, வரவில்லை என்று யாருக்கும் தெரியவும் செய்யாது.

1990களில் பரவலான விசிட்டர் முறை இந்தச் சுமையைக் கொஞ்சம் இடம் மாற்றியது. இறங்கும் வேலையை ஒருமுறை ஓரிடத்தில் எழுதிவிட்டு, நமக்கு வேண்டிய வகைக்கு மட்டும் மெத்தடை மாற்றி எழுதிக்கொள்ளலாம். ஆனால் அந்த ஓரிடத்தை ஒவ்வொரு மொழிக்கும் ஒவ்வொரு மர வடிவத்துக்கும் யாரோ எழுதித்தான் ஆக வேண்டும். நடையின் ஒழுங்கும் அங்கேயே இறுகிப்போயிருக்கும். மேலிருந்து கீழா, கீழிருந்து மேலா, நடுவில் நிறுத்தலாமா என்பதெல்லாம் அதை எழுதியவர் வைத்ததுதான் சட்டம்.

இந்த இறுக்கத்தைத் தளர்த்திய யோசனை மிகச் சிறியது. 1998இல் எல்கோ விசர் முதலானோர் ஸ்ட்ராட்டெகோ மொழிக்கு அடிப்படையான நிரல் மாற்ற உத்திகளை வெளியிட்டபோது அது தெளிவான உருவம் பெற்றது. 2003இல் ரால்ஃப் லெமலும் சைமன் பெய்ட்டன் ஜோன்ஸும் 'ஸ்க்ராப் யுவர் பாய்லர்பிளேட்' என்ற தலைப்பில் எழுதிய ஆய்வுக் கட்டுரை அதை ஹாஸ்கெல் என்ற நிரல்மொழியின் உலகத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தியது. வேண்டியது இரண்டே கருவிகள். முதல் கருவி: ஒரு கணுவைக் கொடுத்தால் அதன் நேரடிப் பிள்ளைகள் ஒவ்வொன்றிடமும் ஒரு கேள்வியைக் கேட்டு விடைகளைத் தரவேண்டும். ஹாஸ்கெலில் இதற்கு ஜிமேப்கியூ என்று பெயர். இரண்டாவது கருவி: கணுவைப் பார்த்து 'நீ இந்த வகையா' என்று கேட்டு, ஆமென்றால் ஒரு விடையும் இல்லையென்றால் ஒரு பொது விடையும் தரவேண்டும். இது எம்கேகியூ.

முதல் கருவியில் கவனிக்க வேண்டியது, அது ஒரே ஒரு மட்டம்தான் இறங்குகிறது. பேரப்பிள்ளைகளைத் தொடுவதில்லை. முழு மரத்தையும் சுற்றிவருவது அதன் வேலையில்லை என்பதால்தான், எப்படிச் சுற்றுவது என்பதை நாம் தீர்மானிக்க முடிகிறது. அந்தக் கட்டுரையில் வரும் எவ்ரிதிங் என்ற ஃபங்ஷன் இரண்டே வரிதான்: இந்தக் கணுவிடம் கேள்வியைக் கேள், பிறகு ஒவ்வொரு பிள்ளையிடமும் இதே எவ்ரிதிங்கை ஓட்டு, வந்த விடைகளையெல்லாம் சேர். மரத்தில் எத்தனை வகைக் கணுக்கள் இருந்தாலும் இந்த இரண்டு வரி மாறாது. ஜெனரிக் டிராவர்சல் என்று சொல்லப்படும் பொது நடை இதுதான்.

முதல் கருவி எங்கிருந்து வருகிறது என்பதில்தான் மொழிக்கு மொழி வித்தியாசம். ஹாஸ்கெலில் வகையை அறிவிக்கும்போதே டேட்டா என்ற கிளாஸை டிரைவ் (derive) செய்யச் சொன்னால் கம்பைலரே எழுதிக் கொடுத்துவிடும். பைத்தானில் ஒவ்வொரு கணு வகையும் தன் புலங்களின் பெயர்களை ஒரு பட்டியலாக வைத்திருக்கிறது, நடை அதைப் பார்த்துப் போகிறது. ஜாவாஸ்கிரிப்ட் நிரலை உருமாற்றும் பேபல் என்ற கருவி எந்த வகைக்கு எந்தப் புலங்களில் பிள்ளைகள் இருக்கும் என்று ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. ரஸ்டின் சின் லைப்ரரியில் இதற்கான ஃபங்ஷன்கள் தானியங்கியாக உருவாக்கப்பட்ட நிரல். கோ மொழியின் வாக் ஃபங்ஷனோ கையாலேயே எழுதப்பட்ட ஒரு நீளமான ஸ்விட்ச். பழைய பாணிதான், ஆனால் அதற்கு ஒரு நல்ல குணம் உண்டு, பின்னால் வருகிறேன்.

2007இல் நீல் மிட்செலும் காலின் ரன்சிமனும் கொண்டுவந்த யூனிபிளேட் இதை இன்னும் எளிதாக்கியது. யூனிவர்ஸ்பை என்ற ஒரே ஃபங்ஷனிடம் ஒரு மரத்தைக் கொடுத்தால், அதற்குள் எந்த ஆழத்தில் இருந்தாலும் நாம் கேட்ட வகையைச் சேர்ந்தவை எல்லாவற்றையும் ஒரு பட்டியலாகத் தந்துவிடும். அப்புறம் வடிகட்டுவது சாதாரணப் பட்டியல் வேலை. ஹாஸ்கெல் நிரல்களுக்கு யோசனை சொல்லும் ஹெச்லின்ட்டும் இதே மிட்செல் எழுதியதுதான், அது யூனிபிளேட்டைப் பயன்படுத்துகிறது. பைத்தானில் இதற்கு இணையானது, தொடரியல் மரத்துக்கான ஏஎஸ்டி மாட்யூலின் வாக் ஃபங்ஷன். மரத்தைக் கொடுத்து, வரும் கணுக்களில் அழைப்பு வகையை மட்டும் வைத்துக்கொண்டால் முடிந்தது. ஒரு வரி.

சரி, அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா? அழைப்புகளின் எண்ணிக்கை மட்டும் போதுமென்றால் தீர்ந்தது. எந்த ஃபங்ஷனுக்குள்ளிருந்து என்று கேட்ட மாத்திரத்தில் அந்த ஒரு வரி உதவாது. பைத்தானின் வாக் தரும் கணுவுக்குத் தன் பெற்றோர் யாரென்று தெரியாது. எந்த வரிசையில் தரும் என்பதற்கும் உறுதி கிடையாது. சூழல் தேவைப்படாத வேலைகளுக்குத்தான் இது என்று அதன் ஆவணமே சொல்லிவிடுகிறது. பொது நடையைக் கற்றுக்கொடுக்கும் பெரும்பாலான அறிமுகங்கள் இந்த ஒரு வரி அழகோடு நின்றுவிடுகின்றன. என் பார்வையில் வேலையே இங்கேதான் ஆரம்பிக்கிறது. இறங்குவதை இனி நாம் எழுத வேண்டியதில்லை, ஆனால் எங்கே இறங்கக் கூடாது, இறங்கும்போது கையில் எதை எடுத்துப் போவது, ஏறும்போது எதைச் சேர்ப்பது என்ற மூன்றையும் எந்த லைப்ரரியும் நமக்காகத் தீர்மானிக்காது.

கையில் எடுத்துப்போவதை முதலில் பார்ப்போம். ஃபங்ஷன் கணுவுக்குள் நுழையும்போது அதன் பெயரை ஒரு ஸ்டாக்கில் வைக்க வேண்டும், வெளியே வரும்போது எடுத்துவிட வேண்டும். அழைப்பைப் பார்க்கும்போது ஸ்டாக்கின் உச்சியில் யார் இருக்கிறாரோ அவர்தான் அழைப்பவர். இதற்கு நுழைவும் வெளியேற்றமும் இரண்டுமே நமக்குத் தெரிய வேண்டும். கோ மொழியின் இன்ஸ்பெக்ட் ஒரு கணுவின் பிள்ளைகள் எல்லாம் முடிந்ததும் நம் ஃபங்ஷனை nil என்ற வெற்று மதிப்போடு இன்னொரு முறை கூப்பிடும், அதுதான் வெளியேறும் அடையாளம். பேபலில் என்டர், எக்ஸிட் என்று இரண்டு கொக்கிகள். ஹாஸ்கெலில் 'ஸ்க்ராப் யுவர் பாய்லர்பிளேட்' யோசனையைத் தரும் எஸ்ஒய்பி தொகுப்பில் எவ்ரிதிங்வித்கான்டெக்ஸ்ட் என்றே ஒன்று உண்டு, அது சூழலை மட்டத்துக்கு மட்டம் கீழே கடத்தும்.

பைத்தானில் நோடுவிசிட்டர் கிளாஸைத்தான் எடுக்க வேண்டும். ஃபங்ஷன் கணுவுக்கு நாம் ஒரு விசிட் மெத்தட் எழுதுகிறோம். இங்கே ஒரு பழைய குழி இருக்கிறது. நாம் மெத்தட் எழுதாத வகைகளுக்கு நடை தானாக இறங்கும். எழுதிய வகைக்கு இறங்காது. அந்த மெத்தடுக்குள் நாமே ஜெனரிக்_விசிட் என்று கூப்பிட்டால்தான் பிள்ளைகளிடம் போகும். மறந்தால் ஃபங்ஷனின் உடல் முழுவதும் விடுபட்டுப் போகும். அழைப்புக் கணுவுக்கும் இதே கதைதான்: மேலே பார்த்த வரியில் 'கூட்டு' பட்டியலில் வரும், அதற்குள் இருக்கும் 'வரி' வராது. சோதனைக்கு எடுத்த நிரலில் அழைப்புக்குள் அழைப்பு இல்லாவிட்டால் எல்லாம் சரியாக ஓடுவதுபோலவே தெரியும்.

எங்கே நிறுத்துவது என்பதைச் சொல்லும் சைகையும் ஒவ்வோரிடத்தில் ஒவ்வொரு மாதிரி. கோ மொழியின் இன்ஸ்பெக்டுக்கு ஃபால்ஸ் கொடுத்தால் இந்தக் கிளைக்குள் இறங்காதே என்று பொருள், அடுத்த கிளைக்கு அது போய்விடும். சி, சி++ மொழிகளின் கம்பைலரான கிளாங்கின் ரிகர்சிவ்ஏஎஸ்டிவிசிட்டரில் விசிட் மெத்தட் ஃபால்ஸ் கொடுத்தால் முழு நடையும் அங்கேயே முடிந்துவிடும். ஒன்றில் பழகியவர் மற்றொன்றுக்கு வந்தால் பட்டியல் திடீரென்று குட்டையாகிவிடும், காரணம் தேடப் பாதி நாள் போகும். அதே கிளாங்கை வெளியிலிருந்து பயன்படுத்த உதவும் லிப்கிளாங்கை வடிவமைத்தவர்கள் இந்த விஷயத்தில் நிதானமாக இருந்திருக்கிறார்கள். நிறுத்து, உள்ளே இறங்காமல் அடுத்ததற்குப் போ, உள்ளே இறங்கு என்று மூன்று தனித்தனி விடைகள். எஸ்ஒய்பியில் எவ்ரிதிங்பட் என்ற ஃபங்ஷன், விடையோடு சேர்த்து 'இதற்குமேல் இறங்காதே' என்பதற்கான ஒரு பூலியனையும் கேட்டு வாங்கிக்கொள்கிறது.

இப்போது அழைப்புப் பட்டியலுக்கே திரும்புவோம். ஸ்டாக் இருக்கிறது, ஜெனரிக்_விசிட்டும் மறக்கவில்லை. அப்படியும் விடை தப்பாகத்தான் இருக்கும். பைத்தானில் ஒரு ஃபங்ஷன் கணுவுக்கு என்னென்ன புலங்கள்? பெயர், அளவுருக்கள், உடல், டெக்கரேட்டர் பட்டியல், திருப்பித் தரும் வகைக் குறிப்பு, இன்னும் சில. டெக்கரேட்டருக்குள் (ஃபங்ஷனுக்கு மேலே @ குறியோடு எழுதும் ஒட்டு) ஓர் அழைப்பு இருந்தால் அது மரத்தில் அந்த ஃபங்ஷன் கணுவின் பிள்ளை. ஆனால் அது ஓடுவது அந்த ஃபங்ஷன் வரையறுக்கப்படும் நேரத்தில், வெளியே உள்ள ஸ்கோப்பில், அதாவது பெயர்கள் செல்லுபடியாகும் வெளி எல்லையில். அளவுருவின் இயல்பு மதிப்பும் அப்படித்தான்: அளவுரு = நேரம்() என்று எழுதினால் நேரம் என்ற ஃபங்ஷனை அழைப்பது இந்த ஃபங்ஷன் அல்ல, இதைச் சுற்றியிருக்கும் மாட்யூலோ கிளாஸோதான். பொது நடைக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அதற்கு எல்லாமே பிள்ளைகள்.

இதைச் சரிசெய்ய நடையைப் பாதி கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஃபங்ஷன் கணு வந்ததும் டெக்கரேட்டர்களையும் இயல்பு மதிப்புகளையும் வெளி ஸ்கோப்பின் பெயரிலேயே சுற்றிவிட்டு, அதற்குப் பிறகு பெயரை ஸ்டாக்கில் வைத்து, உடலை மட்டும் உள்ளே சுற்ற வேண்டும். லிஸ்ட் காம்ப்ரிஹென்ஷனிலும் இதே நுணுக்கம் உண்டு. முதல் ஃபாருக்கான வரிசை வெளி ஸ்கோப்பில் மதிப்பிடப்படுகிறது, மற்றவை உள்ளே. லாம்ப்டாவை என்ன செய்வது? அதற்குப் பெயர் இல்லை. அதற்குள் இருக்கும் அழைப்பை வெளி ஃபங்ஷனின் கணக்கில் எழுதலாம், தனிக்கணக்கும் வைக்கலாம். இரண்டுமே நியாயம்தான். எதைத் தேர்ந்தோம் என்று கருவியின் ஆவணத்தில் எழுதிவைக்காமல் விடுவதுதான் தப்பு.

மேலே புலங்களைச் சொன்ன வரிசையைக் கவனித்தீர்களா? டெக்கரேட்டர் உடலுக்குப் பின்னால் வருகிறது. நிரலில் அது ஃபங்ஷனுக்கு மேலே எழுதப்பட்டிருக்கும். பொது நடை போவது புலங்களின் வரிசையில், நாம் வாசிக்கும் வரிசையில் அல்ல. டிக்ஷனரிக் கணுவில் சாவிகள் எல்லாம் ஒரு புலம், மதிப்புகள் எல்லாம் இன்னொரு புலம். ஆகவே எல்லாச் சாவிகளும் முடிந்த பிறகுதான் முதல் மதிப்பே வரும். இந்தப் பெயர் முதலில் எங்கே வருகிறது என்பது மாதிரியான கேள்விகளுக்கு நடை தரும் முதல் விடையை நம்பக் கூடாது. வரி எண்ணையும் நெடுவரிசை எண்ணையும் வைத்து வரிசைப்படுத்திவிட வேண்டும்.

எங்கே இறங்கக் கூடாது என்ற கேள்வி ஹாஸ்கெலின் சொந்தக் கம்பைலரான ஜிஹெச்சியிலேயே நீண்ட நாள் வலியாக இருந்தது. அந்தக் கம்பைலர் தன் மரத்தை வெளியாருக்கும் திறந்து வைத்திருக்கிறது, மரத்தின் வகைகளுக்கு டேட்டா டிரைவ் செய்யப்பட்டிருக்கிறது. ஆக எவ்ரிதிங்கை எடுத்து ஓட்டினால் ஆயிற்று என்றுதான் யாருக்கும் தோன்றும். ஓட்டினால் கம்பைலரே பேனிக் ஆகி, பிழை காட்டி நின்றுவிடும். பார்சிங் முடிந்ததும், பெயர்களைத் தீர்மானித்ததும், வகைகளைச் சரிபார்த்ததும் என்று மூன்று கட்டங்களுக்கும் ஒரே மர வடிவத்தை அது பயன்படுத்தியது. வகைச் சரிபார்ப்புக்குப் பிறகுதான் நிரப்பப்படும் புலங்களும் பார்சிங் முடிந்த மரத்திலேயே இருக்கும். அவற்றின் இடத்தில் வைத்திருப்பது, தொட்டால் வெடிக்கிற ஒரு வெற்று மதிப்பு. ஹாஸ்கெல், தேவைப்படும்வரை எதையும் கணக்கிடாத சோம்பேறி மொழி என்பதால் யாரும் தொடாதவரை அது சும்மா கிடக்கும். எல்லாவற்றையும் தொடுவதுதானே பொது நடையின் குணம்? நேராகப் போய் அதன் மேல் காலை வைக்கும்.

இதற்கென்றே வந்த துணைத்தொகுப்பு ஒன்றில் எவ்ரிதிங்ஸ்டேஜ்டு என்ற மாற்று நடை இருந்தது. மரம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். பார்சர் கட்டம் என்றால் இன்னின்ன வகைகளுக்குள் இறங்காது, பெயர் தீர்மானித்த கட்டம் என்றால் வேறு சிலவற்றுக்குள் இறங்காது. ஒட்டுப்போட்ட தீர்வுதான், ஆனால் வேலை செய்தது. வேர்வரை போன தீர்வு பின்னால் வந்தது. 2017இல் ஷயான் நஜ்தும் பெய்ட்டன் ஜோன்ஸும் முன்வைத்த 'ட்ரீஸ் தட் க்ரோ' என்ற முறையில், எந்தக் கட்டம் என்பது மரத்தின் வகையிலேயே ஓர் அளவுருவாக ஏறிவிட்டது. அந்தந்தக் கட்டத்துக்கு உரிய கூடுதல் தகவல் மட்டும் அந்தந்தக் கட்டத்தில் இருக்கும். இல்லாத புலத்தில் நிரப்புவதற்கு வெற்று மதிப்பு தேவையில்லை. நடையைத் திருத்தியதைவிட மரத்தைத் திருத்தியது நல்ல முடிவு என்றே நினைக்கிறேன். மரத்தில் பொறி வைத்துவிட்டு ஒவ்வொரு நடையையும் எச்சரித்துக்கொண்டிருப்பது ஆகிற காரியமில்லை.

ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் வேறு மாதிரிச் சிக்கல். அங்கே கணு என்பது சாதாரண ஆப்ஜெக்ட். அதன் எல்லாப் புலங்களுக்குள்ளும் இறங்கு என்று நாலு வரியில் ஒரு நடையை யாரும் எழுதிவிடலாம், பலர் எழுதவும் செய்கிறார்கள். நிரலில் தவறு தேடும் ஈஎஸ்லின்ட் போன்ற கருவிகள் ஒவ்வொரு கணுவிலும் பெற்றோரைச் சுட்டும் ஒரு புலத்தைச் சேர்த்துவைக்கும். அந்த நாலு வரி நடை பிள்ளையிலிருந்து பெற்றோருக்கு ஏறி, மறுபடி பிள்ளைக்கு இறங்கி, மொழியின் சொந்த அழைப்பு ஸ்டாக் நிரம்பும்வரை சுற்றிக்கொண்டே இருக்கும். எந்தப் புலங்கள் உண்மையான பிள்ளைகள் என்று சொல்லும் அட்டவணை இருப்பது இதனால்தான். அட்டவணை இருக்கும்போது அதை விட்டுவிட்டுப் புலங்களை நேரடியாகக் குடைவதில் லாபம் எதுவும் இல்லை.

தொட வேண்டாததைத் தொடுவது எப்போதும் வெடிக்கும் என்றில்லை, நேரத்தைத் தின்னவும் செய்யும். ஹாஸ்கெலில் ஸ்ட்ரிங் என்பது எழுத்துகளின் பட்டியல். எவ்ரிதிங் ஒரு பெயரைப் பார்த்தால் அதன் ஒவ்வோர் எழுத்திடமும் 'நீ ஃபங்ஷன் அழைப்பா' என்று கேட்டுக்கொண்டு போகும். யூனிபிளேட் இங்கே கெட்டிக்காரத்தனம் செய்கிறது: எந்த வகைக்குள் எந்த வகை இருக்க முடியும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுவைத்து, நாம் தேடும் வகை இருக்கவே முடியாத கிளைகளுக்குள் போவதில்லை. விடைகளைச் சேர்க்கும் முறையிலும் ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. எவ்ரிதிங் பட்டியல்களை இடப்பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டு போவதால், ஏற்கெனவே சேர்ந்த நீளமான பட்டியல் திரும்பத் திரும்ப நகலெடுக்கப்படும். பெரிய மரங்களில் இது உறைக்கும்.

ஒரே மரத்தைப் பல கேள்விகளுக்காகச் சுற்றுவதென்றால் கணக்கு வேறு. ஈஎஸ்லின்ட் மரத்தை ஒருமுறை சுற்றி, ஒவ்வொரு கணுவுக்கும் அதில் அக்கறையுள்ள எல்லா விதிகளையும் அப்போதே கூப்பிட்டுவிடும். கோ மொழியின் இன்ஸ்பெக்டர் தொகுப்பு இன்னொரு வழியில் போகிறது. முதல் தடவை சுற்றும்போதே நுழைவு, வெளியேற்ற நிகழ்வுகளை வரிசையாக ஒரு பட்டியலில் எழுதிவைத்துக்கொள்ளும், அடுத்தடுத்த கேள்விகள் மரத்தைத் தொடாமல் அந்தப் பட்டியலிலேயே ஓடும். சாதாரண நடையைவிடச் சுமார் 2.5 மடங்கு வேகம் என்றும், பட்டியலைக் கட்டிய செலவு ஈடாக ஏறக்குறைய 5 சுற்றுகள் பிடிக்கும் என்றும் அதன் ஆவணம் சொல்கிறது. ஒரே ஒரு கேள்விக்கு இதை இழுத்துக்கொண்டு வரத் தேவையில்லை.

ஆழத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பைத்தானின் ரிகர்ஷன் வரம்பு, அதாவது அழைப்புக்குள் அழைப்பாக எவ்வளவு ஆழம் போகலாம் என்பது, இயல்பாக 1000. நோடுவிசிட்டர் ஒரு மட்டம் இறங்க விசிட், ஜெனரிக்_விசிட் என்று குறைந்தது இரண்டு அழைப்புகளைச் செலவழிக்கும். ஆகவே 500 மட்டங்களுக்குள்ளேயே மூச்சு வாங்கும். மனிதர் எழுதும் நிரலில் அவ்வளவு ஆழம் வராது. இயந்திரம் எழுதிய நிரலில் நூற்றுக்கணக்கான ஸ்ட்ரிங்குகளைக் கூட்டல் குறியால் ஒட்டிய ஒரே கோவை இருந்தால் வந்துவிடும், ஏனென்றால் ஒவ்வொரு கூட்டலும் முந்தைய கூட்டலைத் தன் இடப்பிள்ளையாக வைத்துக்கொள்கிறது. (அண்ட், ஆர் இரண்டுக்கும் இந்தத் தொல்லை இல்லை, எத்தனை இருந்தாலும் ஒரே கணுவில் வரிசையாக வைக்கப்படும்.) வாக் ஃபங்ஷன் ஒரு க்யூவை வைத்துக்கொண்டு நடப்பதால் அதற்கு ஆழம் பொருட்டில்லை.

இதுவரை சொன்னவை எல்லாம் இன்று எழுதும் நிரலின் பிழைகள். என்னை அதிகம் யோசிக்கவைப்பது, இன்று சரியாக இருக்கும் நிரல் நாளை சத்தமில்லாமல் தப்பாகிப்போவது. கையால் எல்லா வகைகளுக்கும் கிளை எழுதியிருந்தால், மொழிக்குப் புதிய கணு வகை வரும்போது ஹாஸ்கெல், ரஸ்ட் மாதிரியான மொழிகளின் கம்பைலர் 'இதற்கு என்ன செய்ய' என்று கேட்கும். பொது நடையில் கேட்காது. தெரியாத வகைக்கும் அதனிடம் ஒரு விடை இருக்கிறது: ஒன்றுமில்லை, கீழே இறங்கு. பைத்தான் 3.5இல் அசிங்க் ஃபங்ஷன்கள் வந்தபோது அவற்றுக்குத் தனிக் கணு வகை கிடைத்தது. சாதாரண ஃபங்ஷனுக்கு மட்டும் மெத்தட் வைத்திருந்த கருவி அசிங்க் ஃபங்ஷனுக்குள்ளும் தாராளமாக இறங்கி அழைப்புகளைச் சேகரிக்கும், ஆனால் ஸ்டாக்கில் அதன் பெயரை வைக்காது. அழைப்புகள் எல்லாம் வெளியே இருக்கும் யாரோ ஒருவர் கணக்கில் போய்ச் சேரும்.

இன்னும் தெளிவான உதாரணம் மாறிலிகள். ஒருகாலத்தில் ஸ்ட்ரிங், எண், பைட்ஸ் என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கணு வகை இருந்தது. 3.8இல் எல்லாம் கான்ஸ்டன்ட் என்ற ஒரே வகைக்குள் வந்தன. பழைய பெயரில் விசிட் மெத்தட் எழுதியிருந்தவர்களுக்காக ஓர் இடைக்கால ஏற்பாடு இருந்தது, பழைய மெத்தடையே தேடிப்பிடித்துக் கூப்பிட்டுவிடும். 3.14இல் அந்த ஏற்பாட்டை எடுத்துவிட்டார்கள். பழைய வகையின் பெயரை நேரடியாகச் சுட்டும் நிரல் பிழையோடு விழுந்துவிடும், அது நல்லது. ஸ்ட்ரிங்குக்கு விசிட் மெத்தட் மட்டும் எழுதியிருந்த நிரலோ எந்தப் புகாரும் இல்லாமல் ஓடி முடிந்து, இந்தக் கோப்பில் ஸ்ட்ரிங்கே இல்லை என்று சொல்லும். மெத்தடின் பெயர் பொருந்தாவிட்டால் அதைக் கூப்பிடாமல் கடந்துபோவதுதானே விசிட்டரின் இயல்பு.

கோ மொழியின் அந்த நீளமான ஸ்விட்சுக்கு நல்ல குணம் உண்டு என்றேனே, அது இதுதான். தனக்குத் தெரியாத கணு வகை வந்தால் எதிர்பாராத வகை என்று சொல்லி அது பேனிக் ஆகிவிடும். இந்த முரட்டுத்தனத்தை நம் கருவியிலும் கொஞ்சம் வைத்துக்கொள்ளலாம். ஸ்கோப்பை உண்டாக்கும் வகைகள் எவை, எல்லாம் தெரிந்தவைதானா என்று ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு, அதில் இல்லாத வகை எதிரே வந்தால் பிழை காட்டச் செய்வது பத்து வரி வேலை. மொழியின் புதிய பதிப்பு வந்த அன்றே எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

மரத்தில் இல்லாததை எந்த நடையும் எடுத்துத் தராது. பைத்தானின் ஏஎஸ்டி மாட்யூல் கட்டும் மரத்தில் கமென்ட்டுகள் கிடையாது, டோக்கன் அளவில்தான் தேட வேண்டும். கோ மொழியில் கமென்ட்டுகள் உண்டு, ஆனால் எந்த அறிவிப்போடும் ஒட்டாமல் தனியே நிற்கும் கமென்ட்டுகளை அதன் பொது நடை சுற்றுவதில்லை, கோப்புக் கணுவின் கமென்ட் பட்டியலை நாமே பார்க்க வேண்டும். ட்ரீசிட்டர் என்ற பார்சர் கருவி தரும் மரத்தில் அடைப்புக்குறிகூடக் கணுவாக வரும். கிளாங்கில் நேரெதிர்: நாம் எழுதாமலே கம்பைலர் சேர்த்த கணுக்கள் உண்டு, டெம்ப்ளேட்டுகள் விரிந்த வடிவங்கள் உண்டு. ரிகர்சிவ்ஏஎஸ்டிவிசிட்டர் இயல்பாக இவற்றைத் தவிர்க்கிறது, வேண்டுமென்றால் நாம் கேட்டு வாங்க வேண்டும்.

கடைசியாக, பெயர் என்பது வெறும் பெயர்தான். அழைப்புக் கணுவின் கீழே 'வரி' என்று இருந்தால், அது மாட்யூலின் மேலே வரையறுக்கப்பட்ட வரியா, இதே ஃபங்ஷனுக்குள் அதே பெயரில் வந்த லோக்கல் வேரியபிளா, வேறு மாட்யூலிலிருந்து இம்போர்ட் ஆனதா என்பது தொடரியல் மரத்துக்குத் தெரியாது. லோக்கலா குளோபலா என்ற அளவுக்குப் பைத்தானின் சிம்டேபிள் மாட்யூல் சொல்லிவிடும். புள்ளி வைத்து அழைக்கும் மெத்தடுக்கு அந்த ஆப்ஜெக்டின் வகை தெரிய வேண்டும், அதற்கு டைப் செக்கரின் உதவி தேவை. ஒரு டிக்ஷனரியிலிருந்து ஃபங்ஷனை எடுத்து அழைத்தால், பெயரை ஸ்ட்ரிங்காகக் கொடுத்து கெட்ஆட்டர் மூலம் அழைத்தால், ஓட்டிப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல வழியில்லை. ஆகவே அழைப்புப் பட்டியல் தரும் கருவி தன் விடையை மூன்று குவியலாகத் தருவது நல்லது: எந்த ஃபங்ஷன் என்று தீர்மானமானவை, பெயர் மட்டும் தெரிந்தவை, பெயரும் தெரியாதவை. பழைய ஃபங்ஷனை நீக்கப் போகிறவர் முதலில் திறந்து பார்க்க வேண்டியது மூன்றாவது குவியலை.